பாக்கெட்டுக்கு மழைக்காலம் கிடையாது

அக்டோபர் பிறந்தால் போதும், இலக்கியக்காரர்களின் டைம்லைனில் மழை கொட்ட ஆரம்பித்துவிடும். ஜன்னல், ராஜா பாட்டு, ஆவி பறக்கும் டீ. டீ மேல் எனக்குக் கோபம் இல்லை. அதில் ஊற்றிய பால் எப்படி வந்தது என்று ஒருத்தரும் எழுதுவதில்லையே, அதுதான் கடுப்பு.

ரெட் அலர்ட் என்றால் பள்ளிக்கூடத்துக்கு லீவு. மடிக்கு லீவு உண்டா? ஒரு வேளை கறக்காமல் விட்டால் கட்டிக்கொள்ளும், வலியில் மாடு உதைக்கும். அதனால் விழுப்புரம் பக்கம் எங்கள் ஊரில் ஐப்பசி அடைமழையிலும் விடிகாலை நாலரைக்கு உரச்சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு யாராவது ஒரு பெண் கொட்டாயில் நிற்பாள். சாணியும் கோமியமும் மழைத்தண்ணியும் குழம்பாகிக் கிடப்பதை முதலில் வழித்துத் தள்ளணும். அந்த ஈரத்தில் மாடு படுத்தால் காம்பு வழியாகக் கிருமி ஏறி மடிநோய் வரும். பால் திரிதிரியாக வரும், சொசைட்டியில் ஊத்த முடியாது. ஊசி போட்டால் அப்புறமும் சில நாளைக்கு விற்கக் கூடாது. கொசுவுக்கு வேப்பிலை மூட்டம் போடலாம்தான், காய்ஞ்ச சருகுக்கு எங்க போறது? வைக்கோல் போரோ மேலே நனைந்து பூஞ்சை பிடித்திருக்கும்.

இதையெல்லாம்கூடத் தாங்கிக்கலாம். சொசைட்டியில் நடப்பதுதான் அசிங்கம். ஆவணியில் ஃபேட் 4.2 காட்டிய அதே மாடு கார்த்திகையில் 3.4 காட்டும். லிட்டருக்கான காசு இறங்கும். கூடவே ஒரு கேள்வி: “என்னம்மா, தண்ணி ஊத்துனியா?” வரிசையில் இருபது பேர் பார்த்துக்கொண்டிருக்க எங்க அம்மாவிடமே இதைக் கேட்டிருக்கிறார்கள்.

தண்ணி ஊத்தியது வானம். கேனில் இல்லை, புல்லில். மழையில் தளதளவென்று எழும் இளம்புல்லில் நீர் அதிகம், நார் குறைவு. மாட்டின் வயிற்றில் நார் புளித்து உண்டாகும் அசிட்டிக் அமிலம்தான் பாலில் கொழுப்பு உருவாக முக்கியமான மூலப்பொருள். நார் குறைந்தால் கொழுப்பும் குறையும். காய்ந்த வைக்கோல் சேர்த்துப் போட்டால் ஓரளவு சரியாகும். அந்த வைக்கோல் என்ன கதி என்று மேலேயே சொல்லிவிட்டேன்.

ஃபேட் பார்த்து விலை போடுவதே தண்ணிக் கலப்படத்தைத் தடுக்கத்தானே என்பீர்கள். ஆமா, நல்ல ஏற்பாடுதான். பாலை அளக்கிற மெஷினோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் கடையில் வாங்கும் நிலைப்படுத்திய பாலின் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். கொழுப்பு 4.5, இதர சத்து 8.5. சித்திரையிலும் அதே, கார்த்திகையிலும் அதே. வந்த பாலில் குறைந்ததைக் கிரீமும் பால்பவுடரும் சேர்த்துப் பண்ணையில் சரிக்கட்டிவிடுகிறார்கள். குடிக்கிறவருக்குப் பருவமே தெரியாது. பருவத்தின் நஷ்டம் மொத்தமும் கறந்தவள் பில்லில்தான் விழுகிறது. வருஷா வருஷம் தேதி சொல்லி வருகிற மழைக்கு, என்னமோ திடீர் விபத்து மாதிரி அவள் தண்டம் கட்டுகிறாள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னை பால் பாக்கெட்டுக்கு அலைந்தது. கூடுதல் விலைக்கு விற்ற கடைக்காரர்களைத் திட்டி எத்தனை பதிவு! குழந்தைக்குப் பாலில்லை என்றால் கத்தத்தான் வேண்டும். ஆனால் அதே புயலில் திருவள்ளூர், செங்கல்பட்டுப் பக்கம் வண்டி வராத தெருக்களில் கறந்த பால் என்னவாகியிருக்கும்? குளிரூட்டாத பால் சில மணி நேரத்தில் திரிந்துவிடும். அந்தக் கணக்கைக் கேட்டு ஒரு பதிவும் என் கண்ணில் படவில்லை.

நான் கேட்பது பெரிய புரட்சியெல்லாம் இல்லை. மழை மாதங்களுக்கு அடிப்படை ஃபேட்டைக் கொஞ்சம் இறக்கித் தனி விலைச் சார்ட். புரட்டாசி முடிவதற்குள் சொசைட்டி மூலம் அடக்க விலைக்கு வைக்கோல். காசைப் பால் பில்லில் பிடித்துக்கொள்ளட்டும். மழைக்கு முன்னாடியே கோமாரி, தொண்டை அடைப்பான் தடுப்பூசி, அதுவும் மாடு இருக்கும் தெருவுக்கே வந்து. கேட்டால், “சார்ட்டு மேல இருந்து வருதும்மா, நாங்க என்ன பண்றது?” என்கிறார்கள். மேலே இருப்பவர்களும் மழைக்கு டீதான் குடித்துக்கொண்டிருப்பார்கள்.