பெட்டியில் 18 மணித்தியாலம், கல்முனையில் எத்தனை?

விலை உயர்ந்த மடிக்கணினிகளின் விளம்பரங்களில் இப்போது முதலில் கண்ணில் படுவது பற்றரியின் மணித்தியாலக் கணக்கு. ஒரு நிறுவனம் 15 என்கிறது, இன்னொன்று 18 என்கிறது, மற்றொன்று 27 என்கிறது. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று எனக் கடலோரமாக நீளும் எங்கள் ஊர்களில் இந்த இலக்கங்களை நம்பி இலட்சக்கணக்கில் கடன்படுபவர்கள் இருக்கிறார்கள். ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குப் பிள்ளையை அனுப்பும் குடும்பம், வீட்டிலிருந்தே வெளிநாட்டு நிறுவனமொன்றுக்கு வேலை செய்யும் யுவதி, என்னைப் போல மாதச் சம்பளம் இல்லாத சுதந்திர ஊடகவியலாளர்கள் எனப் பலர்.

வாங்கி ஓரிரு மாதங்களில் எல்லோரும் ஏறக்குறைய ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள். ஒரு நாள் பத்து மணித்தியாலம் நிற்கிறது, மறுநாள் நாலரை மணித்தியாலத்தில் அணைந்துவிடுகிறது. இது பழுதா, ஏமாற்றா, பாவிக்கத் தெரியாததா? விளம்பரத்தில் வரும் இலக்கம் பெரும்பாலும் பொய்யல்ல என்பதுதான் நான் விசாரித்து வந்த முடிவு. ஆனால் அது எங்களைப் போன்றவர்களின் வேலையை, வெயிலை, மின்சாரத்தை வைத்து அளக்கப்பட்டதல்ல. பற்றரி கைவிடும்போது எமது சட்டமும் கைவிட்டுவிடுகிறது என்பது அதைவிடப் பெரிய பிரச்சினை.

இது வசதிக்காரரின் கவலை மட்டுமல்ல

பற்றரியின் அருமையை எமது சமூகத்துக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தரத் தேவையில்லை. 1990களின் பொருளாதாரத் தடையில் வடக்குக்குக் கொண்டுசெல்லக்கூடாத பொருட்களில் பற்றரியும் ஒன்று. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்ட தலைமுறை இன்னும் எம்மோடு இருக்கிறது.

யுத்தம் முடிந்த பிறகும் மின்சாரம் நம்பக்கூடியதாக மாறவில்லை. 2022 மார்ச் இறுதியில் நாடு முழுவதும் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஏற்பட்ட கோளாறால் முழு இலங்கையும் இருளில் மூழ்கியது. ஒரு குரங்குதான் காரணம் என்று அமைச்சர் சொன்னதை உலகமே சிரித்தபடி செய்தியாக்கியது. அதே ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயல் மின்சாரத்தையும் தொலைத்தொடர்பையும் பல மாவட்டங்களில் ஒன்றாக அறுத்தது.

எனது தொழிலில் இன்னொன்றும் உண்டு. காணாமல் ஆக்கப்பட்ட மகனைப் பற்றி ஒரு தாய் பேசத் தொடங்கினால் அது இரண்டு மணித்தியாலம் போகலாம், நாலு மணித்தியாலமும் போகலாம். அந்த வீட்டில் ஒரேயொரு பிளக் இருக்கும், அதில் மின்விசிறி ஓடிக்கொண்டிருக்கும். "கொஞ்சம் நிறுத்துங்கோ அம்மா, பற்றரி முடிஞ்சுபோச்சு" என்று அந்த இடத்தில் சொல்ல முடியாது. நிறுத்தினால் அவர் திரும்ப அதே இடத்திலிருந்து தொடங்கமாட்டார். பதிவு செய்யப்படாமல் போன சாட்சியம் போனதுதான்.

இலக்கம் எங்கிருந்து வருகிறது?

பற்றரியின் கொள்ளளவை வொட்-மணித்தியாலத்தில் சொல்வார்கள். அந்த இலக்கத்தை, கணினி ஒரு நேரத்தில் இழுக்கும் வொட் அளவால் பிரித்தால் எத்தனை மணித்தியாலம் நிற்கும் என்பது கிடைக்கும். கணக்கு இவ்வளவுதான்.

2022இல் வந்த அப்பிளின் 13 அங்குல மக்புக் எயார் எம்2 கணினியை எடுப்போம். அதன் பற்றரி 52.6 வொட்-மணித்தியாலம். இணையத்தில் உலாவ 15 மணித்தியாலம் வரை, திரைப்படம் பார்க்க 18 மணித்தியாலம் வரை என்று அப்பிள் சொன்னது. பிரித்துப் பார்த்தால் கணினி முறையே ஏறக்குறைய மூன்றரை வொட்டும் மூன்று வொட்டும் மட்டுமே இழுத்திருக்க வேண்டும். அப்படியானால் திரை வெளிச்சம் குறைவாக இருந்திருக்கும். அப்பிளே தனது அடிக்குறிப்பில், திரை வெளிச்சத்தை அடியிலிருந்து எட்டுப் படியில் வைத்து 25 இணையத்தளங்களைப் பார்த்ததாக எழுதியிருக்கிறது. அடிக்குறிப்பை யார் வாசிக்கிறார்கள்?

அதே கணினியில் சூம் வகுப்பு, பின்னணியில் இருபது இணையப் பக்கங்கள், கதவு திறந்த வீட்டின் பகல் வெளிச்சத்துக்கு ஏற்ப முழுதாக ஏற்றிய திரை என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 8 வொட் இழுத்தால் ஆறரை மணித்தியாலம். காணொளி தொகுக்கத் தொடங்கி அது 12 வொட்டுக்குப் போனால் நாலரை மணித்தியாலமும் இல்லை. பற்றரி பழுதாகவில்லை. வேலைதான் மாறியிருக்கிறது. "ஒரு நாள் பத்து, ஒரு நாள் நாலரை" என்ற முறைப்பாட்டின் பெரும்பகுதி இதற்குள் அடங்கிவிடுகிறது.

ஒரே பெயர், உள்ளே வேறு

எஞ்சிய குழப்பத்துக்குக் காரணம் நிறுவனங்கள் பெயர் வைக்கும் விதம். டெல் நிறுவனம் 2024இல் எக்ஸ்பிஎஸ் 13 என்ற ஒரே பெயரில் வெவ்வேறு சில்லுகள் கொண்ட கணினிகளை விற்றது. ஒன்றில் இன்டெலின் கோர் அல்ட்ரா முதல் தலைமுறை, இன்னொன்றில் அதன் அடுத்த தலைமுறை, வேறொன்றில் குவால்கொமின் ஸ்னப்ட்ராகன். திரையிலும் சாதாரணம், ஓலெட் என்ற தெரிவுகள். விளம்பரத்தில் பேசப்பட்ட 27 மணித்தியாலம் ஸ்னப்ட்ராகன் சில்லும் சாதாரணத் திரையும் கொண்ட கணினிக்கு உரியது. ஓலெட் திரை அழகானது. ஆனால் வெள்ளைப் பின்னணியில் எழுத்து வாசிப்பவருக்கு அது கூடுதலாக மின்சாரம் குடிக்கும். கடையில் "எக்ஸ்பிஎஸ் 13 இருக்கா?" என்று மட்டும் கேட்பவருக்கு எது கிடைக்கும் என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

மூடி வைத்த கணினியின் பற்றரி இரவோடு இரவாகக் கரைவது இன்னொரு பரவலான முறைப்பாடு. முன்பு விண்டோஸ் கணினிகள் மூடியதும் ஏறக்குறைய முழுதாகத் தூங்கின. இப்போதைய மெல்லிய கணினிகள் பல, கைபேசியைப் போல, மூடிய பிறகும் அவ்வப்போது விழித்து மின்னஞ்சலையும் மேம்படுத்தல்களையும் பார்க்கின்றன. பைக்குள் வைத்த கணினி சூடாக இருப்பது இதனால்தான். வெளியே கொண்டுபோவதற்கு முன் கணினியை முழுதாக அணைத்துவிடுவதே இப்போதைக்கு நம்பகமான வழி.

அப்படியென்றால் எதை வாங்குவது? மின்சாரம் இல்லாமல் நீண்டநேரம் எழுத, வாசிக்க, ஒலிப்பதிவு செய்ய வேண்டுமென்றால், 2020இலிருந்து வரும் அப்பிளின் எம் வகைச் சில்லுக் கணினிகள் மற்றவற்றைவிடச் சீராக நிற்கின்றன. பிளக்கிலிருந்து கழற்றியதும் வேகம் குறைவது அவற்றில் மிகக் குறைவு. 2024இல் வந்த ஸ்னப்ட்ராகன் எக்ஸ், இன்டெல் கோர் அல்ட்ரா 200வி சில்லுகள் அந்த இடைவெளியைப் பெருமளவு மூடியிருக்கின்றன. ஆனால் மூன்றாம் வருடத்தைப் பற்றி யோசித்தால் கணக்கு மாறுகிறது. மக்புக்கின் பற்றரி பசையால் ஒட்டப்பட்டு, விசேட திருகாணிகளால் பூட்டப்பட்டிருக்கிறது. அதே 2024இல் வந்த லெனோவோவின் திங்பேட் டி14 ஐந்தாம் தலைமுறையை, பழுதுபார்ப்பை எளிதாக்கும் நோக்கில் மாற்றி வடிவமைத்தார்கள். திருத்த இலகு என்பதற்காக ஐபிக்சிட் நிறுவனம் அதற்குப் பத்துக்கு ஒன்பது புள்ளி கொடுத்தது. முதல் நாளில் அது மக்புக் அளவுக்கு நிற்காது. ஆயிரமாவது நாளில், கல்முனையிலேயே பற்றரியை மாற்றிக்கொண்டு, அதைவிட நன்றாக நிற்கக்கூடும்.

கச்சான் காற்றும் வளைகுடாப் பெட்டியும்

லித்தியம் அயன் பற்றரிக்கு வெப்பம் எதிரி. 35 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூழலில் கொள்ளளவு நிரந்தரமாகக் குறையலாம் என்று அப்பிள் எச்சரிக்கிறது; 16 முதல் 22 பாகை வரையே மிகப் பொருத்தம் என்கிறது. கச்சான் வீசும் மாதங்களில் தகரக் கூரைக்குக் கீழே மதியநேரம் இருந்து பார்த்தவர்களுக்கு இந்த இலக்கங்கள் சிரிப்பைத்தான் தரும். அந்த வெப்பத்தில், நாள் முழுக்க பிளக்கில் செருகி, நூறு வீதத்திலேயே வைத்திருந்தால் பற்றரி இன்னும் விரைவாக முதுமையடையும். பல கணினிகளில் சார்ஜை 80 வீதத்தோடு நிறுத்தும் வசதி இருக்கிறது. அதைப் போட்டுவிட்டு, மின்வெட்டு அறிவித்த நாளில் மட்டும் முழுதாக ஏற்றலாம்.

எங்கள் பகுதியில் உயர்ரகக் கணினிகளில் கணிசமானவை கடை வழியாக வருவதில்லை. கட்டாரிலிருந்தோ சவூதியிலிருந்தோ டுபாயிலிருந்தோ வரும் உறவினரின் பெட்டிக்குள், அல்லது லண்டனிலும் கனடாவிலும் இருக்கும் சொந்தங்களின் கைப்பையில் வருகின்றன. பல, வேறொருவர் பாவித்துக் கழித்தவை. கல்முனையில் பழுதுபார்க்கும் காக்கா ஒருவர் என்னிடம் சொன்னார்: "தம்பி, பெயரைப் பார்த்துத்தான் வாங்குறாங்க. உள்ளுக்க இருக்கிற பற்றரி எத்தனை வருஷம் ஓடினதெண்டு ஒருத்தரும் கேக்கிறல்ல."

கேட்கலாம், பார்க்கவும் முடியும். அண்மைய மக்புக்குகளின் பற்றரி ஆயிரம் சார்ஜ் சுற்றுகளுக்குப் பிறகும் 80 வீதக் கொள்ளளவைத் தக்கவைக்க வடிவமைக்கப்பட்டது. எத்தனை சுற்று முடிந்தது என்பதைக் கணினியே காட்டும். விண்டோஸிலும் பற்றரி அறிக்கை எடுக்கலாம். புதிதாக இருந்தபோதான கொள்ளளவும் இப்போதைய கொள்ளளவும் அதில் அருகருகே வரும். 2015 செப்டெம்பருக்கும் 2017 பெப்ரவரிக்கும் இடையில் பெரும்பாலும் விற்கப்பட்ட 15 அங்குல மக்புக் புரோ ஒரு தொகுதியை, பற்றரி அளவுக்கதிகமாகச் சூடாகித் தீப்பற்றலாம் என்பதால், அப்பிள் 2019 ஜூனில் திரும்ப அழைத்தது. பழைய கணினி வாங்குபவர் தொடர் இலக்கத்தைச் சரிபார்ப்பது பணத்துக்காக மட்டுமல்ல, உயிருக்காகவும்.

மூன்று மாதச் சட்டம்

2022 மார்ச் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபா வரை போனது. ஆயிரம் டொலர் கணினி இரண்டு இலட்சத்திலிருந்து மூன்று இலட்சத்து அறுபதாயிரமானது. 2024 ஜனவரியிலிருந்து பெறுமதிசேர் வரி 18 வீதம். அதன் பிறகு டொலர் ஓரளவு இறங்கினாலும் பழைய விலை திரும்பவில்லை. இவ்வளவு கொடுத்து வாங்கிய பொருள் ஒரு வருடத்தில் பாதி நேரம்தான் நிற்கிறது என்றால் எங்கே போவது?

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் இருக்கிறது. விற்பவர் வெளிப்படையாகவோ மறைமுகமாகவோ கொடுத்த உத்தரவாதத்துக்கு ஒவ்வாத பொருளுக்கு எதிராக முறையிட அதன் 13ஆவது பிரிவு இடம் தருகிறது. ஆனால் முறைப்பாட்டைப் பொருள் விற்கப்பட்டு மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். அரிசிக்கும் பருப்புக்கும் மூன்று மாதம் போதும். பற்றரி தன் குணத்தைக் காட்டவே ஒரு வருடமாகும். உத்தரவாத அட்டையில் பற்றரிக்குத் தனியாகக் குறுகிய காலம் எழுதியிருப்பதும், சிலவேளை அது முற்றாக விலக்கப்பட்டிருப்பதும் வழமை. சட்டம் மூடிய பிறகுதான் பிரச்சினை தொடங்குகிறது.

ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் கொண்டுவந்த பற்றரி ஒழுங்குவிதியின்படி, 2027 பெப்ரவரி 18 முதல் அங்கு விற்கப்படும் சாதனங்களின் சிறிய பற்றரிகளைப் பாவனையாளரே கழற்றி மாற்றக்கூடியதாக, குறிப்பிட்ட விதிவிலக்குகள் தவிர, வடிவமைக்க வேண்டும். மாற்றுப் பற்றரி குறைந்தது ஐந்து வருடங்களுக்குக் கிடைக்க வேண்டும். அங்கே மாறும் வடிவமைப்பு இங்கும் வந்துசேரலாம். மாற்றுப் பற்றரி நியாயமான விலையில் இறக்குமதியாகும் என்பதற்கு மட்டும் எமது சட்டத்தில் எந்த உறுதியும் இல்லை.

ஆகவே வாங்குபவர் செய்யக்கூடியவற்றை வாங்கும் முன்பே செய்யவேண்டும். கணினியின் பெயரை விட்டு, சில்லு எது, திரை எது, பற்றரி எத்தனை வொட்-மணித்தியாலம் என்று கேளுங்கள். விளம்பர இலக்கத்தில் பாதியை உங்கள் நாளுக்கானதாக எடுத்துக்கொள்ளுங்கள். பற்றரிக்கான உத்தரவாதக் காலத்தைப் பற்றுச்சீட்டிலேயே எழுதிக் கேளுங்கள். காசு போதாதென்றால் நடுத்தரக் கணினியோடு, டைப்-சி வழியாக மடிக்கணினிக்குச் சார்ஜ் தரக்கூடிய பவர் பேங்க் ஒன்றை வாங்குங்கள். 20,000 மில்லிஅம்பியர்-மணி என்பது ஏறக்குறைய 74 வொட்-மணித்தியாலம். கடத்தலில் வீணாவது போகவும் ஒரு மெல்லிய கணினியை இன்னொரு தடவை நிரப்பும். வெளிநாட்டிலிருந்து உறவினர் கைப்பையில் கொண்டுவரவும் அது விமானங்களின் 100 வொட்-மணித்தியால எல்லைக்குள் அடங்கும்.

இவையெல்லாம் தனி ஆட்களின் தற்காப்பு. முறைப்பாட்டுக்கான மூன்று மாதத்தை மின்னணுப் பொருட்களுக்காவது உத்தரவாதக் காலம் முடியும்வரை நீட்டுவதும், பற்றரியின் கொள்ளளவையும் அதற்கான உத்தரவாதத்தையும் தமிழிலும் சிங்களத்திலும் பெட்டியில் எழுத இறக்குமதியாளரைக் கட்டாயப்படுத்துவதும் அரசாங்கத்தின் வேலை. இணையவழிக் கல்வி, எண்ணியல் பொருளாதாரம் என்று எங்கள் பிள்ளைகளைக் கணினி வாங்கச் சொல்லும் அரசு, அந்தக் கணினி இருட்டில் எவ்வளவு நேரம் விழித்திருக்கும் என்ற கேள்விக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறது.