ஐந்தும் ஆறும் ஒன்றல்ல

‘பல்லாங்குழிக்கு ஊருக்கு ஊர் விதி மாறலாம், ஆடும் உத்தி மாறாது, எண்ணத் தெரிந்தால் போதும்’ என்கிறார் நண்பர். கன்னிவாடியில் அப்பத்தாவிடம் தோற்றுத் தோற்றே கற்றவன் நான், இதை ஒப்பமாட்டேன்.

எங்கள் வீட்டில் குழிக்கு 5 புளியங்கொட்டை, 14 குழிக்கு 70. ஒட்டன்சத்திரத்துச் சித்தி வீட்டில் 6, மொத்தம் 84. ஒரு கொட்டைதானே கூட? ஆடிப் பாருங்கள். கைக்கொட்டை தீர்ந்ததும் அடுத்த குழியை அள்ளி ஓட்டுகிறோம்; அது வெறுங்குழியானால் துடைத்துவிட்டு, அதற்கடுத்ததை எடுக்கிறோம். குழிக்கு ஐந்து என்றால், முதல் ஆட்டத்தில் தொடங்கிய குழிக்கு ஐந்து குழி தள்ளி இருப்பது கிடைக்கும். ஆக, இடமிருந்து என் 3 முதல் 7 வரை எதை எடுத்தாலும் காலியாவது எதிராளியின் குழி. ஆறு என்றால் கிடைப்பது ஒட்டிய குழி. ஏழாம் குழியில் தொடங்கினால் மட்டுமே எதிர்ப்பக்கம் கை நீளும். இரண்டிலும் வருவது 7 கொட்டைதான். யாருடைய ஏழு என்பதல்லவா ஆட்டம்!

பசுவும் அப்படியே. நான்கு சேர்ந்தால் பசு, குழிக்காரருக்கே சொந்தம் என்கிற வீட்டில், என் பக்கம் மூன்று கிடக்கும் குழியைத் தொடமாட்டேன். எதிராளியின் கையே நாலாவதைப் போட்டுவிடும். பசு இல்லாத வீட்டில் அது வெறும் மூன்று.

காசினோ பிளாக்ஜாக்கிலும் இதே கதை. பல கட்டுச் சீட்டு ஆட்டத்தில், ஏஸ் சேர்ந்த 17இல் டீலர் நிற்பாரா, இன்னொரு சீட்டு எடுப்பாரா என்பதைப் பொறுத்தே, கையில் 11 உள்ளவர் டீலரின் ஏஸுக்கு எதிரே பந்தயத்தை இரட்டிக்கலாமா என்பது தீர்மானமாகிறது.

நண்பரே, அடுத்த முறை பலகையை விரிக்குமுன், ‘குழிக்கு எத்தனை, பசு உண்டா?’ என்று கேட்டுவிட்டு உட்காருங்கள்.