பூட்டிய வீடுகளின் பதில் எங்கே?

வாடிப்பட்டியில் பகல் 11 மணிக்கு சர்வே எடுப்பவர் ஒரு தெருவுக்குள் நுழைகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கதவைத் திறப்பது யார்? பெரியாறு கால்வாயில் தண்ணீர் வந்து நடவு ஆரம்பித்திருந்தால், நடவுக்குப் போகும் பெண்கள் விடியும் முன்பே கிளம்பியிருப்பார்கள். மதுரையில் வேலை பார்ப்பவர்கள் பஸ் ஏறியிருப்பார்கள். முகூர்த்த சீசன் என்றால் மேளக்காரர்கள் எந்த ஊர்க் கல்யாணத்தில் இருக்கிறார்களோ! (வாடிப்பட்டி மேளம் தெரியும்தானே?) மிச்சம் இருப்பது தாத்தா, பாட்டி, பெட்டிக்கடைக்காரர், லீவில் இருக்கும் காலேஜ் பையன்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 100 வீடுகளில் ‘தினமும் குடிநீர் வருகிறதா?’ என்று கேட்கப் போனதில் 60 வீடுகள்தான் திறந்திருந்தன. 45 பேர் ‘வருது’ என்கிறார்கள். அதாவது 75 சதவீதம். ரிப்போர்ட் பிரமாதம்! பூட்டியிருந்த 40 வீடுகளோ குழாயின் கடைக்கோடியில் இருக்கும் கூலிக்காரர்களின் வீடுகள். அங்கே 10 வீட்டுக்குத்தான் தண்ணீர் வருகிறது என்றால், உண்மையான கணக்கு 55 சதவீதம். யாருமே பொய் சொல்லவில்லை. ஆனாலும் ரிப்போர்ட் தப்பு. தண்ணீர் வராத தெருவுக்குப் புதுக் குழாயும் வராது.

நிறையப் பேரிடம் கேட்டால் சரியாகிவிடுமா? ஆகாது. 1936 அமெரிக்க அதிபர் தேர்தலில் ‘லிட்டரரி டைஜஸ்ட்’ என்ற பத்திரிகை சுமார் 1 கோடி பேருக்கு அட்டை அனுப்பியது. திரும்பி வந்தவை சுமார் 24 லட்சம். அதை எண்ணிவிட்டு, ‘லாண்டன் ஜெயிப்பார்’ என்று அடித்துச் சொன்னது. ஜெயித்தது ரூஸ்வெல்ட், 48 மாநிலங்களில் 46-ல்! டெலிபோனும் காரும் வைத்திருந்தவர்களின் பட்டியலைப் பெரிதும் நம்பியது ஒரு கோளாறு. ரூஸ்வெல்ட் மீது கோபமாக இருந்தவர்கள்தான் வேலை மெனக்கெட்டு அட்டையைத் திருப்பி அனுப்பினார்கள் என்பது இன்னொன்று. இரண்டே ஆண்டுகளில் அந்தப் பத்திரிகையே இல்லாமல் போனது.

நம் ஊர்க் கதைக்கு வருவோம். 2016 சட்டமன்றத் தேர்தலில் ஆக்சிஸ் மை இந்தியாவின் எக்ஸிட் போல் தி.மு.க. அணிக்கு 124 முதல் 140 இடங்கள் என்றது. சி-வோட்டரோ அ.தி.மு.க.வுக்கு 139 என்றது. தேர்தல் நடந்த 232 தொகுதிகளில் அ.தி.மு.க. 134-ஐப் பிடித்தது. இரண்டு அணிகளுக்கும் வாக்கு வித்தியாசம் சுமார் 1 சதவீதம்தான். இவ்வளவு நெருக்கமான போட்டியில், ‘நமக்கெதுக்கு வம்பு’ என்று ஒதுங்கிப் போகிறவர்கள் ஒரே பக்கம் கொஞ்சம் கூடுதலாக இருந்தாலே கணிப்பு கவிழ்ந்துவிடும்.

கதவைத் திறப்பவர்களும் மனதில் இருப்பதைச் சொல்வார்கள் என்பதற்கு கேரண்டி இல்லை. டேப்லெட்டோடு ஆள் வந்தாலே, “எதுக்குக் கேக்குறீக தம்பி? உரிமைத்தொகையை நிப்பாட்டவா?” என்ற கேள்விதான் முதலில் வரும். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத்தொகைக்கு ஆண்டு வருமானம், நிலம், கரன்ட் யூனிட் என்று வரம்புகள் உண்டு. அதனால் வருமானம் குறைந்துபோகும், ஏ.சி. மறைந்துபோகும். குடிக்கிறீர்களா என்று மனைவி எதிரில் கேட்டால் எந்த மனிதர் ஆமாம் என்பார்?

ஏழைகள்தான் நழுவுகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். செக்யூரிட்டி நிற்கும் அபார்ட்மென்ட்டுகளில் கேட்டைத் தாண்டுவதே சர்வே ஊழியர்களுக்குப் பெரும்பாடு. பணக்காரர்களின் செலவு கணக்கில் வராவிட்டால் ஏற்றத்தாழ்வு குறைந்துவிட்டது போலத் தெரியும்.

இதற்கு மருந்து என்று பார்த்தால், ரொம்பச் சாதாரணம்தான். பூட்டிய வீட்டுக்கு மறுபடி போவது, சாயங்காலம் ஏழு மணிக்குப் போவது, பெண்களிடம் பேசப் பெண்களையே அனுப்புவது, எத்தனை பேர் பதில் சொல்லவில்லை என்பதையும் ரிப்போர்ட்டில் அச்சிடுவது. செலவு ஆகும். அதனால்தான் பலரும் பக்கத்து வீட்டில் கேட்டுவிட்டு நடையைக் கட்டுகிறார்கள்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அந்தச் சலுகை கிடையாது. 2011-க்குப் பிறகு வரும் கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 குறிப்புத் தேதி. சாதியும் கேட்கப்படும் என்பதால் கதவுக்கு இரண்டு பக்கமும் தயக்கம் இருக்கும். 1948-ம் ஆண்டு சட்டப்படி பதில் சொல்வது கட்டாயம். அதிலும் ஒரு விலக்கு உண்டு: வழக்கம் தடுக்கிறது என்றால், ஒரு பெண் தன் கணவர் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. பெயரைச் சொல்லாமல் சிரித்துக்கொண்டே ரேஷன் கார்டை நீட்டும் பாட்டிகளை அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் பார்த்திருக்க வேண்டும்.