நாய்க்கும் உண்டு கிருகப்பிரவேசம்!

வீடு மாற்றுவதென்றால் லேசான காரியமா? ஆடியில் கூடாது, புரட்டாசியில் கூடாது, மார்கழியில் பேச்சே எடுக்கக் கூடாது. அப்புறம் நாள் பார்த்து, நட்சத்திரம் பார்த்து, ராகு காலத்தைத் தள்ளி, உப்பும் மஞ்சளும் நிறைகுடமுமாகப் புது வீட்டுக்குள் வலது காலை எடுத்து வைக்கிறோம். பால் பொங்குகிறது. எல்லோருக்கும் சந்தோஷம், ஒருவரைத் தவிர! அந்த ஒருவர் வாசல் கம்பியில் கட்டப்பட்டு, வருகிறவர் போகிறவர் முகத்தையெல்லாம் பார்த்து விழித்துக்கொண்டிருக்கிறார். பாவம், பஞ்சாங்கத்தில் அவருக்கு ஒரு வரி கூடக் கிடையாது.

பிள்ளைகள் படிப்புக்காகவும் உத்தியோகத்துக்காகவும் சுற்று வட்டாரத்திலிருந்து மதுரைக்குக் குடிவரும் குடும்பங்கள் பல. உசிலம்பட்டியிலோ மேலூரிலோ திறந்த முற்றமும் களத்துமேடுமாக வளர்ந்த நாய், ஒரே நாளில் அண்ணா நகர் மாடி வீட்டுக்கு வந்து சேருகிறது. சிலர் அந்தச் சிரமமே வேண்டாமென்று, “ஊரில் யாராவது சோறு போடாமலா போய்விடுவார்கள்?” என்று சொல்லி, விட்டுவிட்டே வந்துவிடுகிறார்கள். அந்த ‘யாராவது’ பெரும்பாலும் யாரும் இல்லை. பூட்டிய கதவுக்கு முன்னால் காத்திருந்து இளைத்துப் போகிற ஜீவன்கள் எத்தனை! நியாயமான காரணமின்றி ஒரு பிராணியைப் பசியாலும் தாகத்தாலும் வாடும்படி கைவிடுவது, 1960-ஆம் வருஷத்துப் பிராணி வதைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம். சட்டம் இருக்கட்டும், உண்ட சோற்றுக்கு இத்தனை வருஷம் காவல் காத்ததே, அந்தக் கணக்கு ஒன்று இருக்கிறதல்லவா?

நாயோடு இடம் மாறுவது நம் சீமைக்குப் புதிய சமாசாரமும் அல்ல. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று பெயர் பெற்ற ஜாதி நாய்களெல்லாம் நம் தென்பாண்டிப் பக்கத்துப் பிள்ளைகள்தாம். ராஜபாளையம் நாய்க்கு 2005-இல் தபால் தலையே வெளியிட்டார்கள். கன்னி நாயைக் கல்யாணச் சீரோடு பெண்ணுடன் புக்ககத்துக்கு அனுப்புவது வழக்கமாக இருந்ததென்று கரிசல் காட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். யோசித்துப் பாருங்கள்: ஊர் புதிது, வீடு புதிது, மாமியார் புதிது. ஆனால் சோறு வைக்கிற கை மட்டும் பழைய கை! அந்த ஒரு கையைப் பிடித்துக்கொண்டுதான் நாய் புது ஊரில் காலூன்ற வேண்டும்.

இதில்தான் சூட்சுமம் இருக்கிறது. நமக்கு வீடென்றால் சுவரும் கூரையும். நாய்க்கு வீடென்றால் வாசனை. நம் மூக்கில் வாசனையை உணரும் நுண்ணிய ஏற்பிகள் ஏறக்குறைய 50 லட்சம் என்றால், நாயின் மூக்கில் 20 கோடிக்குமேல் உண்டு என்கிறார்கள் விஞ்ஞானிகள். சுண்ணாம்பும் பெயிண்டும் மணக்கிற புது வீட்டில் அதற்குத் தெரிந்த வாசனை ஒன்றுகூட இராது. நமக்கு உப்பும் மஞ்சளும் எப்படியோ, அப்படி அதற்கு அதனுடைய பழைய சாக்கும் சோற்றுத் தட்டும். “புது வீட்டுக்கு இந்த அழுக்குச் சாக்கா?” என்று தூக்கி எறிந்துவிடாதீர்கள். துவைக்கவும் வேண்டாம். அந்த அழுக்கில்தான் அதன் பழைய வீடு முழுவதும் இருக்கிறது.

புறப்படுவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே கால்நடை டாக்டரிடம் காட்டி, வெறிநாய்த் தடுப்பூசிக்குத் தவணை வந்திருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். பிரயாணத்தன்று வயிறு நிறையச் சோறு வேண்டாம். தண்ணீர் மட்டும் அவ்வப்போது கொடுங்கள். சாமான் லாரியில் பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவே அதை ஏற்றிவிடுவது மகா பாவம். உங்களோடு காரில் வரட்டும். நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை. மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். ஆகவே கதவை அடைத்த காரில் அதை வைத்துவிட்டு, ‘ஒரு காப்பி சாப்பிட்டு வருகிறேன்’ என்று இறங்கவே கூடாது. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் அந்தக் காப்பி ஆறுவதற்குள் ஆபத்து வந்துவிடும். அக்கம்பக்கத்தார் சொன்னார்களென்று தூக்க மாத்திரை கொடுப்பதும் வேண்டாம்.

பால் காய்ச்சுகிற வேளைக்கு நாயை அழைத்து வராதீர்கள். ஹோமப் புகை, நாதஸ்வரம், நூறு பேர் கால்கள்! மிரண்டு அறுத்துக்கொண்டு ஓடினால் எங்கே தேடுவது? விருந்தாளிகள் போன பிறகு சாவகாசமாக அழைத்து வாருங்கள். வீடு முழுவதையும் ஒரே நாளில் காட்ட வேண்டாம். ஒரு மூலை, அதில் பழைய சாக்கு, பக்கத்தில் தண்ணீர். அன்றைக்கு அது போதும். சோறு வைக்கும் நேரம், வெளியே அழைத்துப் போகும் நேரம், வைக்கிற கை எல்லாம் பழையபடியே இருக்கட்டும். புது வீட்டில் ஒரு மூலையை நனைத்துவிட்டால் அடிக்காதீர்கள். அது திமிர் அல்ல, திகில்.

நாய்கள் தொலைந்து போவது அதிகமும் முதல் சில நாட்களில்தான். பழைய வீட்டைத் தேடிப் புறப்படுகிற ஜீவனுக்குக் கோரிப்பாளையம் சந்திப்பில் வருகிற பஸ் தெரியுமா? முதல் சில வாரங்களுக்குக் கயிறில்லாமல் வாசல் தாண்டக் கூடாது. கழுத்துப் பட்டையில் ஒரு தகடு, அதில் உங்கள் செல்போன் எண். சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் துரத்தி வளர்ந்த வம்சம். ஒரு பூனை குறுக்கே போனால் போதும், கண்மூடித் திறப்பதற்குள் தெருக்கோடியில் நிற்கும். வெள்ளை வெளேரென்ற ராஜபாளையத்திலோ பிறவியிலேயே காது கேளாதவையும் உண்டு. அவற்றைக் கூவி அழைத்துப் பயன் என்ன? மாடி வீடானால் கைப்பிடிச் சுவரின் உயரத்தையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு தெரு. மதுரையில் சந்துக்குச் சந்து ஒரு நாய் ராஜ்யம் உண்டு. எல்லையில் புதிய ஆள் வந்தால் யுத்தம்தான்! போக்குவரத்து ஓய்ந்திருக்கும் விடியற்காலையில் அழைத்துப் போங்கள். தினமும் ஒரே வழியாகப் போங்கள். சில நாட்களில் பகை முறைப்பாகும், முறைப்பு முகப் பழக்கமாகும். மத்தியானத் தார்ச் சாலையில் நடத்தாதீர்கள். உங்கள் புறங்கையைத் தரையில் வைத்துப் பாருங்கள். உங்களால் பொறுக்க முடியாததை அதன் பாதமும் பொறுக்காது. தீபாவளிக்கு முந்திய வாரத்திலும், சித்திரைத் திருவிழாக் கூட்டத்திலும் குடிமாறாமல் இருந்தால் உத்தமம். நாய்க்கு அவைதாம் ஆடியும் மார்கழியும்!

அடுக்குமாடிக் குடியிருப்பில் “நாயே கூடாது” என்று சங்கத்தார் சொன்னால், அப்படி ஒட்டுமொத்தமாகத் தடுக்கச் சங்கத்துக்கு அதிகாரமில்லை என்று 2015-இல் இந்தியப் பிராணிகள் நல வாரியம் வெளியிட்ட நெறிமுறைகளை மரியாதையாக எடுத்துச் சொல்லுங்கள். அதோடு, படிக்கட்டில் அது செய்த அசுத்தத்தை நீங்களே துடைத்துவிடுங்கள். முந்தியதைவிடப் பிந்தியதுதான் அண்டை வீட்டாரிடம் அதிகம் பலிக்கும்.

முதல் நாள் சாப்பிடாவிட்டால் பதற வேண்டாம். இரண்டாம் நாளும் தொடாவிட்டாலோ, வாந்தி எடுத்தாலோ டாக்டரிடம் போங்கள். மற்றபடி பொறுமைதான் மருந்து. கட்டிலடியில் பதுங்கியது ஒரு நாள் கூடத்துக்கு வரும். கூடத்துக்கு வந்தது வாசலில் படுக்கும். அப்புறம் ஒரு நாள் காலையில், கொரியர்க்காரர் வாசலில் வந்து நிற்கும்போது, “யாரடா நீ, எங்கள் வீட்டு வாசலில்?” என்று கேட்பது போல ஒரு குரைப்புக் குரைக்கும் பாருங்கள்! கோபித்துக்கொள்ளாதீர்கள். அன்றைக்குத்தான் அதற்குக் கிருகப்பிரவேசம்.