பெயருக்கு முன்னால் இனிஷியல்



பணி ஓய்வுக்குப் பிறகு ஈமேக்ஸ் எடிட்டரும் அதற்குள் இருக்கும் லிஸ்ப் மொழியும் பழகி வருகிறேன். கம்ப்யூட்டர் துறையில் இருக்கும் பிள்ளைகளிடம் ஒன்று சொல்ல வேண்டும்.

ஒரே வகுப்பில் மூன்று செல்வி இருந்தால் க. செல்வி, மு. செல்வி என்று இனிஷியல் சேர்த்துத்தானே கூப்பிடுவோம்? ஈமேக்ஸ் லிஸ்பில் பள்ளி முழுவதற்கும் ஒரே வருகைப் பதிவேடு. குளோபல் மாறிகள் எல்லாம் அதில்தான் ஏறும். நான் 'டோட்டல்' என்று பெயர் வைத்து, வேறொருவர் எழுதிய புரோகிராமும் அதையே வைத்தால், அவர் மாற்றும்போது என் மதிப்பும் மாறிவிடும். எச்சரிக்கை எதுவும் வராது. அதுதான் கொடுமை.

அதனால்தான் அங்கே 'ஆர்க்-', 'காலண்டர்-' என்று தொகுப்பின் பெயரை முன்னால் சேர்க்கிறார்கள். உள்வேலைக்கு மட்டுமான பெயர் என்றால் இரட்டைக் கோடு. வீட்டுக்குள் கூப்பிடும் செல்லப் பெயர் மாதிரி; வெளியார் அப்படிக் கூப்பிடக் கூடாது. ஆனால் கூப்பிட்டால் தடுக்க ஆளில்லை, எல்லாம் மரியாதைதான். குளோஜரில் நேம்ஸ்பேஸ் மொழியிலேயே இருக்கிறது. காமன் லிஸ்பில் பேக்கேஜ் உண்டு. குளோபல் மாறியின் இருபுறமும் நட்சத்திரக் குறி போடும் வழக்கமும் உண்டு. எனக்கு அந்த வழக்கம் ரொம்பப் பிடிக்கும். பார்த்தவுடனே கை எச்சரிக்கையாகிவிடும்.

"சின்ன புரோகிராம்தானே சார்" என்கிறார்கள். சின்னதுதான் பிறகு பெரிதாகிறது. ஃபங்ஷனுக்குள் 'லெட்' போடாமல் வெறும் 'செட்க்யூ' எழுதினால், வேலை முடிந்த பின்னும் அந்த மாறி வெளியே உலாவும். விடை சரியாக வந்தாலும் நான் மதிப்பெண் குறைப்பேன். கோபம் வந்தால் வீட்டுக்கு வாருங்கள், காபி குடித்துக்கொண்டே சண்டை போடலாம்.