மீத்திறன் மாணவர்களுக்குப் பாடம் நடத்த தனிப் பட்டம் தேவையா? லட்சங்களைக் கட்டும் முன் கவனிக்க வேண்டியவை!

மொத்த வகுப்பும் கணக்கைப் போட்டுக்கொண்டிருக்க, ஒரு பிள்ளை மட்டும் ஐந்தே நிமிடத்தில் முடித்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும். அந்தப் பிள்ளைக்கு அடுத்து என்ன கொடுப்பது? இதைக் கற்றுத்தரவே அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் முதுகலைப் படிப்புகள் இருக்கின்றன. சிலவற்றை ஆன்லைனிலேயே படிக்கலாம். ஆனால், அந்தப் பட்டம் வேலைக்கு உதவுமா?

இந்தியாவில் என்ன நிலை?

மீத்திறன் குழந்தைகளுக்கான கல்வியை பி.எட் படிப்பில் சிறப்புப் பிரிவாக வைக்கலாம் என்கிறது 2020 தேசிய கல்விக் கொள்கை. 'வைக்கலாம்' என்றுதான் இருக்கிறதே தவிர, 'வைக்க வேண்டும்' என்று இல்லை. அரசுப் பள்ளி ஆசிரியர் நியமனத்தில் பார்ப்பது பாடப் பிரிவு, பி.எட், தகுதித் தேர்வு போன்றவற்றைத்தான். இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரிக்கும் சிறப்புக் கல்வி பி.எட் இருக்கே என்று கேட்கலாம். அது மாற்றுத்திறன் குழந்தைகளுக்கானது. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

அமெரிக்காவில் எப்படி?

மாற்றுத்திறன் குழந்தைகளின் கல்விக்கு அங்கே 1975 முதல் மத்திய சட்டம் உண்டு. மீத்திறன் குழந்தைகளுக்கு அப்படி ஒரு கட்டாயச் சட்டம் இல்லை. எனவே மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். டெக்சாஸில் வழக்கமான ஆசிரியர் சான்றிதழுடன் 30 மணி நேர அடிப்படைப் பயிற்சி போதும். பிறகு ஆண்டுதோறும் 6 மணி நேரம். ஃபுளோரிடாவில் இதற்கென 15 செமஸ்டர் மணி நேரப் படிப்பு கேட்கிறார்கள். இரண்டுக்குமே முழு முதுகலைப் பட்டம் கட்டாயமில்லை.

அப்போ முதுகலை யாருக்கு?

பாடத்திட்டம் வடிவமைக்க, மற்ற ஆசிரியர்களுக்குப் பயிற்சி தர, ஆய்வு செய்ய நினைப்பவர்களுக்கு. அவர்களும் சேரும் முன் நான்கு கேள்விகளைக் கேட்க வேண்டும்.

1. நான் வேலை பார்க்கப்போகும் மாநிலம் இந்தப் படிப்பை ஏற்குமா? பக்கத்து மாநிலம் ஏற்கிறது என்பது பதில் ஆகாது.

2. மேற்பார்வையோடு நேரடி வகுப்பறைப் பயிற்சி உண்டா? வீடியோவும் அசைன்மென்ட்டும் மட்டும் என்றால் யோசிக்க வேண்டும்.

3. மீத்திறனை எப்படிக் கண்டறியச் சொல்லித் தருகிறார்கள்? சராசரிக்கு மேற்பட்ட திறன், படைப்பாற்றல், எடுத்த வேலையில் விடாப்பிடி ஆகிய மூன்றும் சேர வேண்டும் என்று 1978-லேயே சொன்னார் ஜோசப் ரென்சுல்லி. ஐ.க்யூ மதிப்பெண்ணோடு நின்றுவிடும் படிப்பு பழசு.

4. இந்தியா திரும்பினால் பட்டத்துக்கு இணைச் சான்று கிடைக்குமா? கட்டணம் கட்டும் முன்பே விசாரிக்க வேண்டிய விஷயம் இது.

ஏன் இவ்வளவு கவனம்?

மூன்றாவது கேள்விதான் பிள்ளைகளை நேரடியாகப் பாதிக்கிறது. மதிப்பெண்ணை மட்டும் பார்க்கும் ஆசிரியரின் கண்ணில் ட்யூஷன் போகும் பிள்ளைதான் முதலில் படும். வறுமையில் இருக்கும் பிள்ளை, வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளை, அபாரமாக யோசித்தும் டிஸ்லெக்ஸியாவால் எழுத்தில் தடுமாறும் பிள்ளை எல்லாம் தவறிப்போவார்கள். சிலருக்கு 'சேட்டைக்காரன்' என்ற பெயர்தான் மிஞ்சும்.

ஏற்கெனவே பி.எட் முடித்து வகுப்பில் இருக்கும் ஆசிரியருக்கு, முதலில் ஒரு குறுகிய காலச் சான்றிதழ் படிப்பே புத்திசாலித்தனம். அதில் கற்றதை மறுநாளே வகுப்பில் முயன்று பார்க்கலாம். பிடித்திருந்தால் முதுகலைக்குப் போகலாம். கடன் வாங்கி பட்டத்தில் தொடங்குவதைவிட இது பாதுகாப்பானது.