கண்ணாடித் துண்டும் நீதியும்

தா.பழூர்க் கடைத்தெருவில் ஓரிரவு கடையொன்றின் கண்ணாடிச் சாளரம் உடைபட்டுப் பொருள் களவு போயிற்று என்று வைத்துக்கொள்வோம். ஐயத்தின்பேரில் பிடிக்கப்பட்ட இளைஞன் ஒருவனது சட்டையில் கடுகினும் சிறிய மூன்று கண்ணாடித் துண்டுகள் காணப்படுகின்றன. “இவனே கள்வன்” என்று ஊரார் உடனே தீர்ப்புக் கூறிவிடுவர். அறிவியல் அவ்வாறு விரைதல் ஆகாது.

கண்ணாடி உடையும்பொழுது நுண்துகள்கள் உடைப்பவன்மீதும் தெறிக்கும். அவற்றுட் பல, சில மணி நேரத்தில் உதிர்ந்துவிடும். எஞ்சிய துகளை எண்ணெயில் இட்டுச் சூடேற்றி, அதன் விளிம்பு கண்ணுக்கு மறையும் வெப்பநிலையைக் கொண்டு அதன் ஒளிவிலகல் எண்ணை ஆய்வாளர் அறிவர். சாளரக் கண்ணாடிக்கு அவ்வெண் பெரும்பாலும் 1.52-ஐ ஒட்டியே அமையும். ஆதலின் மிக நுட்பமாக அளந்தே ஒப்பிடுதல் வேண்டும்.

இளைஞனது சட்டைத் துகளும் கடைச் சாளரமும் ஒத்தன எனின் வழக்கு முடிந்ததா? இல்லை. ஒத்திருத்தல் வேறு, அதுவேயாதல் வேறு. நூறு சாளரங்களுள் ஒன்று அவ்வெண் உடையது எனக் கொள்வோம். ஊரில் 1,000 சாளரங்கள் இருப்பின், பத்துச் சாளரங்கள் அவ்வாறு ஒத்திருக்கும். ஆகவே, “இவன் குற்றமற்றவனாயிருக்க நூற்றில் ஒரு வாய்ப்பே உண்டு” என்று கூறுதல் பெரும் பிழையாகும். இவன் உடைத்திருந்தால் இத்துகள்கள் கிடைக்கும் வாய்ப்பு எவ்வளவு? உடைக்காதிருந்தால் எவ்வளவு? இவ்விரண்டின் விகிதமே சான்றின் வலிமை. அவன் கண்ணாடி வெட்டும் தொழிலாளியாயின், அவ்வலிமை மேலும் குறையுமன்றோ?

சிலப்பதிகாரத்தை நினைவு கூர்வோம். கோவலன் கைச் சிலம்பு கோப்பெருந்தேவியின் சிலம்பைப் போன்றிருந்தது. அதனைப் போன்ற சிலம்பு பிறரிடமும் இருக்கலாமே என்று எவரும் எண்ணிப் பார்த்திலர். கண்ணகி உடைத்த சிலம்பிலிருந்து முத்துக்கு மாறாக மாணிக்கம் தெறித்தபோது உண்மை வெளிப்பட்டது. போன உயிரோ மீளவில்லை.

குற்ற வழக்குகளுக்குத் துணைபுரியும் வேதியியல் ஆய்வகம் சென்னையில் 1849-ஆம் ஆண்டிலேயே தோன்றிற்று. அன்றைய கருவிகளினும் இன்றைய கருவிகள் பன்மடங்கு நுட்பமானவை. எனினும், கருவி அளந்து தருவது எண்ணையே. அவ்வெண்ணின் பொருளை உணர்தல் மனிதனது கடமை. சான்றின் எடையைக் கூறுவது ஆய்வாளர் பணி. குற்றத்தைத் துணிவது நீதிமன்றத்தின் பணி. இவ்விரண்டும் தம் எல்லையில் நிற்பின், கள்வன் தப்பான், குற்றமற்றவனும் வருந்தான்.

மாணவர்களே! ஒருவன்மீது பழி கூறப்படும்போது, “இது பொருந்துகிறதா?” என்பதோடு நில்லாதீர்கள். “வேறு எவருக்கெல்லாம் இது பொருந்தும்?” என்றும் கேளுங்கள். அவ்வினாவே நீதியின் முதற்படி.